உறுதிப் பெட்டியில் இல்லாத கடதாசி

செத்தவீட்டு எட்டுச்செலவு முடிந்து, தூரத்துச் சொந்தங்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் வீட்டு அலுமாரியைத் திறப்பார்கள். அடித்தட்டில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும், இல்லாவிட்டால் பழைய ட்ரங்குப் பெட்டி. அதற்குள் காணி உறுதி, மூத்த மகளின் சீதன உறுதி, கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வரிப் பற்றுச்சீட்டுகள், 1990 இல் ஊரைவிட்டு ஓடும்போது சேலைக்குள் சுற்றிக்கொண்டு போன அரச காணிப் பெர்மிட்டின் மடிப்புக் கிழிந்த பிரதி. எல்லாம் இருக்கும். எனக்குப் பிறகு இது இன்னாருக்கு என்று செத்தவர் எழுதிவைத்த தாள் மட்டும் இருக்காது.

இந்தியாவில் உயில் என்பதை இங்கே இலங்கையில் மரணசாசனம் என்கிறோம். அரச ஆவணங்களில் இறுதி விருப்பாவணம் என்றும் வரும். பேச்சில் நிலைத்தது மரணசாசனம்தான். பாதிக் கரைச்சல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. முதல் மூன்றெழுத்தைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர் எழும்பிப் போய்விடுவார். பிள்ளைகள் மெல்லக் கதையைத் தொடங்கினாலும், "நான் கண்ணை மூடுறதுக்கு முந்தியே பங்கு கேக்கிறியளோ" என்ற ஒரு கேள்வியோடு அது முடிந்துவிடும்.

அதற்காகத் திருகோணமலைத் தமிழருக்குச் சொத்தை எழுதிவைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. கல்யாணம் பேசும்போது நாம் எழுதுகிற எழுத்துக்குக் குறைவே இல்லை. கிழக்கில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். சில குடும்பங்களில் தாய்தகப்பன் இருந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதிவிட்டு, அதே வளவின் மற்ற மூலையில் இன்னொரு வீட்டை எழுப்பிக் குடிபோவார்கள்; அடுத்தவளின் முறை வரும்போது அதையும் எழுதுவார்கள். சொத்துக் கைமாறுவதற்கு நமக்குத் தெரிந்த நேரம் கல்யாணம்தான். கடைசி மகளுக்குத் தாலி ஏறியதும் எல்லாம் எழுதி முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் மிச்சம் கிடக்கும். தம்பலகாமத்தில் ஒரு துண்டு வயல், நிலாவெளியில் எப்போதோ மலிவாக வாங்கிப்போட்ட தென்னங்காணி, கிழவனும் கிழவியும் கடைசியாகக் குடியிருந்த வீடு, வங்கியில் கொஞ்சக் காசு. வழக்குகள் பிறப்பது இந்த மிச்சத்தில்தான்.

எழுதாவிட்டால் சட்டம் எழுதும்

மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து அந்தரத்தில் நிற்காது. சட்டம் தானே பங்கு போடும். திருகோணமலையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழருக்குப் பொருந்துவது நாட்டின் பொதுச் சட்டம், அதாவது 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி பாதி, உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ போகும். மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அது நிலத்தில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

உவர்மலையில் 20 பேர்ச் வளவும் வீடும் தகப்பன் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவி இருக்கிறார், மூன்று பிள்ளைகள். மூத்த மகள் உப்புவெளியில், நடு மகன் டொரொன்ரோவில், கடைசி மகள் வீட்டோடு. தகப்பன் எழுதாமல் இறக்கிறார். மனைவிக்கு இரண்டில் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று. நாலு வருடத்தில் டொரொன்ரோ மகனும் இறந்துவிடுகிறார். அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவருடைய ஆறில் ஒன்றில் பாதி, பன்னிரண்டில் ஒன்று, மருமகளுக்கு. பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபத்துநாலில் ஒன்று. பிறகு தாயும் போய்ச் சேர்கிறார். அவருடைய பாதி மூன்று கிளைகளுக்குப் பிரிகிறது. கடைசிக் கணக்கு: இரண்டு மகள்மாருக்கும் மூன்றில் ஒன்று வீதம், மருமகளுக்குப் பன்னிரண்டில் ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கு எட்டில் ஒன்று வீதம்.

மருமகளின் பங்கு ஒன்றே முக்கால் பேர்ச்சுக்கும் கொஞ்சம் குறைவு. ஓர் அறையும் விறாந்தையும் கொள்ளும். எந்த அறை, எந்த விறாந்தை என்று கேட்டால் பதில் இல்லை. இது பிரிபடாத பங்கு. வளவின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் கலந்து கிடக்கிறது. வீட்டோடு இருந்து தாயைக் கடைசிவரை பார்த்த மகள் கூரையை மாற்ற வங்கிக் கடன் கேட்டால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். டொரொன்ரோவில் இருந்து அற்றோணித் தத்துவம் (அங்கே இருப்பவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம்) வர வேண்டும். பேரப்பிள்ளைகள் வயதுக்கு வராதவர்கள் என்றால் அவர்களுடைய பங்கை விற்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதே நேரம், பங்காளிகளில் யாரும் தன் பங்கை மட்டும் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்கலாம். தடை இல்லை. அப்படி உள்ளே வருகிறவர், காணியைப் பங்கு பிரித்துத் தரக் கேட்டுப் பிரிவிடல் வழக்குப் போடலாம். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி எந்தப் பங்காளிக்கும் அந்த உரிமை உண்டு. துண்டாடினால் பயன்படாது என்று கண்டால் வளவையே ஏலத்தில் விடச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிடலாம். பிரிவிடல் வழக்கு எத்தனை தவணை இழுக்கும் என்று நீதிமன்ற வாசலில் குடையோடு நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்.

தகப்பன் ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும். "மனைவிக்குச் சீவிய உரித்து, அதன்பின் கடைசி மகளுக்கு வீடு, நிலாவெளிக் காணி மற்ற இருவருக்கும்" என்ற அளவில். சீவிய உரித்து என்றால் சாகும்வரை அனுபவிக்கும் உரிமை.

ஒரே தெரு, இரண்டு சட்டம்

இங்கேதான் திருகோணமலைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தேசவழமை நமக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பது இந்த ஊரில் பலருக்குத் தெளிவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்தார். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அது வட மாகாணத்தில் வாழிடம் கொண்ட தமிழரின் சட்டம். கிழக்குத் தமிழருக்கு அது இல்லை.

ஆனால் துறைமுக நகரத்துக்கு ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை டொக்யார்ட்டில் கிளாக்கர் வேலை, பிறகு கச்சேரி, ரயில்வே, பள்ளிக்கூடம், மாகாண சபை என்று யாழ்ப்பாணத்தார் பலர் வந்து இங்கேயே வீடு கட்டினார்கள். தேசவழமை ஆளோடு கூட வருகிற சட்டம். திருகோணமலையில் வீடு வாங்கியதாலேயே அது கழன்று போகாது. ஊரோடு உள்ள தொடர்பை முழுதாக விட்டு இங்கேயே வேரூன்றிவிட்டார் என்று காட்டினால்தான் போகும். அது சட்டக் கேள்வியைவிடச் சாட்சியங்களின் கேள்வி. ஆண்டுக்கு ஒருமுறை நல்லூருக்குப் போய்வந்தால் யாழ்ப்பாணத்தாரா? பேரனுக்கும் அது பொருந்துமா? செத்த மனிதரை எழுப்பிக் கேட்க முடியாது.

வித்தியாசம் சிறியதல்ல. தேசவழமையில் சொத்துக்குச் சாதி உண்டு: பெற்றோர் வழி வந்தது முதுசம், மகளுக்குக் கொடுத்தது சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்தால், பொதுச் சட்டத்தில் மனைவிக்கு எல்லாவற்றிலும் பாதி. தேசவழமையில் தேட்டத்தில்தான் மனைவிக்குப் பாதி. முதுசம் வந்த வழியே அவருடைய இரத்த உறவுக்குத் திரும்பிப் போகும். புருஷனின் தகப்பன் வழி வந்த வீட்டில் முப்பது வருடம் சமைத்தவள், கொழுந்தனின் தயவில் நிற்க வேண்டி வரலாம்.

கல்யாணமும் சட்டத்தை மாற்றும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்படாத பெண் அதற்கு உட்பட்டவரை மணந்தால் அந்தக் கல்யாணம் நிலைக்கும்வரை தேசவழமைக்குள் வருவாள். தேசவழமைப் பெண் அதற்கு வெளியே மணந்தால் அதிலிருந்து நீங்குவாள். ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டம் என்று ஆகிவிடுவது இந்த ஊரில் கற்பனை இல்லை.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டப்படி மார்க்க விதிகளே பங்கைத் தீர்மானிக்கும். வஸிய்யத், அதாவது மரணசாசனம், பற்றிய மார்க்க நிலைப்பாடும் தனியானது. அதை ஆலிமிடமும் சட்டத்தரணியிடமும் சேர்த்துக் கேட்பதுதான் முறை.

மரணசாசனம் செய்கிற பெரிய வேலை, இந்த "எந்தச் சட்டம்" என்ற வாக்குவாதத்தின் பெரும்பகுதியைத் தேவையற்றதாக்குவது. 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மரணசாசனக் கட்டளைச் சட்டம், ஒருவர் தன் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம் என்கிறது. பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு என்று ஒன்று இல்லை. பிள்ளையைத் தவிர்த்தும் எழுதலாம். இது பலரைத் திடுக்கிட வைக்கும். "பிள்ளை கேஸ் போட்டால் உடைத்துவிடலாம்" என்று தெருவில் சொல்வார்கள். பங்கு தரவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் உடைக்க முடியாது. சுயபுத்தியோடு எழுதவில்லை, வற்புறுத்தினார்கள், கையெழுத்து அவருடையது இல்லை என்று காட்டினால்தான் முடியும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எழுதுகிறவர் தன்னுடையதை மட்டுமே எழுதலாம். தேட்டத்தில் மனைவிக்குச் சொந்தமானதை அவர் எழுதினால் அது எழுதாததற்குச் சமம்.

சீதனம் கணக்கில் சேருமா?

எனக்குத் தெரிந்து குடும்பங்கள் முகம் முறிந்துபோகிற இடம் இதுதான். 1876 சட்டத்தில் பலர் அறியாத ஒரு பிரிவு உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் கல்யாணத்துக்காகவோ வாழ்க்கையில் நிலைநிறுத்தவோ மற்றவர்களைவிட மேலதிகமாகக் கொடுத்திருந்தால், பங்கு போடும்போது அந்தப் பிள்ளை அதைக் கணக்கில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்க்கத் தேவையில்லை என்று பெற்றோர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ விலக்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

ஒரு மகளுக்கு 1998 இல் வீடும் நகையும் கொடுத்தாயிற்று. மகனை ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிநாடு அனுப்பியாயிற்று. கடைசி மகளுக்குக் கல்யாணமே அமையவில்லை. அவள்தான் தாய்தகப்பனோடு இருந்தாள். இப்போது மிச்சக் காணியில் எல்லாருக்கும் சமபங்கா? மூத்தவள் சொல்வாள், அது சீதனம், அது வேறு, இது வேறு. மகன் சொல்வான், நான் அனுப்பிய காசில்தான் இந்த வீட்டுக்கு மேல்மாடி வந்தது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 1998 இல் கொடுத்ததை எந்த விலைக்குக் கணக்கில் எடுப்பது என்று தொடங்கினால் மதிப்பீட்டாளர், சாட்சி, பழைய சீட்டு என்று போகும். மகனின் மேல்மாடிக் காசுக்கு எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் பங்கு உரிமை தானாக வராது; வீடு யார் பெயரில் நிற்கிறதோ அவருடையது.

தகப்பன் மனதில் ஒரு கணக்கு இருந்திருக்கும். தேத்தண்ணி குடிக்கும்போது யாரிடமாவது சொல்லியும் இருப்பார். நீதிமன்றத்துக்கு அது போதாது. "மூத்த மகளுக்கு நான் கொடுத்த சீதனத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்றோ, "அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன், இனி இது சின்னவளுக்கு" என்றோ ஒரு வரி எழுதியிருந்தால், மூத்தவளுக்கு மனம் நொந்தாலும் தகப்பனோடுதான் நோகும். தங்கையோடு நோகாது.

சட்டத்தின் கணக்குக்குள் வராமல் வெளியே நிற்பவர்களும் உண்டு. போரிலும் 2004 மார்கழி 26 ஆம் திகதி வந்த கடலிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சித்தியோ மாமியோ எடுத்து வளர்த்த வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. 1941 ஆம் ஆண்டின் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றத்தில் மகவேற்புப் பதியாவிட்டால், இருபது வருடம் வளர்த்தாலும் அந்தப் பிள்ளை வளர்த்தவரின் பிள்ளை என்ற முறையில் பங்கு பெறாது. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த மனைவியின் நிலையும் சங்கடம். முறைப்படி சடங்கு நடந்தது என்று நிரூபித்தால் நீதிமன்றம் ஏற்கும். ஐயர் இறந்து, படம் வெள்ளத்தில் போய், சாட்சிகள் கனடாவில் இருக்கும்போது நிரூபிக்க வேண்டும். இவர்களுக்கெல்லாம் மரணசாசனம்தான் கதவு.

நன்கொடை உறுதி போதாதா?

போதும் என்று சொல்கிற நொத்தாரிசுகள் (உறுதி எழுதும் சட்டத்தரணிகள்) நிறையப் பேர். சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதிவிட்டால், கண்ணை மூடிய மறுநாளே சொத்து முழுதாகப் பிள்ளைக்கு. நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை. மரணசாசனம் அப்படியில்லை. எழுதியவர் இறந்த பிறகு அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைத்து, பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, சொத்துப் பட்டியல் கொடுத்து, நிறைவேற்றுநர் (சாசனத்தில் சொன்னபடி செய்து முடிக்கப் பெயர் குறிக்கப்பட்டவர்) சான்று பெற வேண்டும். சட்டம் குறித்த பெறுமதிக்குக் கீழான சிறு சொத்துகளுக்கு அந்த வழக்குக் கட்டாயமில்லை. இன்றைய காணி விலையில் நகருக்குள் அந்த எல்லைக்குள் அடங்குவது அரிது. யாரும் எதிர்க்காவிட்டாலும் மாதங்கள் எடுக்கும், சட்டத்தரணிச் செலவும் வரும்.

இருந்தாலும் குடியிருக்கும் வீட்டுக்கு நன்கொடை உறுதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடையை மனம் மாறினோம் என்று திருப்ப முடியாது. பிள்ளை அடித்துத் துரத்துகிற அளவுக்கு நன்றி கெட்டுப் போனால் 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்தில் அதை நிரூபித்து ரத்துச் செய்யலாம். எழுபத்தைந்து வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கூண்டில் ஏறப் போகிற தாய் எத்தனை பேர்? அதைவிடப் பெரிய ஆபத்து, பிள்ளை முந்திக்கொண்டு இறப்பது. அப்போது வீடு மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விடும். தாய் சீவிய உரித்தோடு ஒரு மூலையில் இருப்பார். மரணசாசனத்தை மூச்சு நிற்கும்வரை மாற்றலாம், கிழிக்கலாம், திரும்ப எழுதலாம். அதுவரை உறுதி உங்கள் பெயரில்தான். வழக்குச் செலவு பிள்ளைகளுக்கு. கவலை இல்லாத நித்திரை உங்களுக்கு. பிள்ளைகளும் சொத்து எடுக்கத்தானே போகிறார்கள், கொஞ்சம் செலவழிக்கட்டும்.

எழுதும் முறை

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இரண்டு வழி தருகிறது. நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையெழுத்து வைப்பது ஒன்று. நொத்தாரிசு இல்லாவிட்டால் குறைந்தது ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். "ஒரே நேரத்தில்" என்பதில்தான் வீட்டில் எழுதுகிற பத்திரங்கள் கவிழ்கின்றன. காலையில் இருவர், பின்னேரம் மூவர் என்று கையெழுத்து வாங்கினால் சாசனம் இல்லை. போனில் பேசிப் பதிந்த வீடியோவும் சாசனம் இல்லை. அவசரத்துக்கு ஐந்து பேர் உதவும். நேரம் இருக்கும்போது நொத்தாரிசுதான் நல்லது.

பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்து வைக்கக் கூடாது. பயன்பெறப் போகிற பிள்ளையே நொத்தாரிசைப் பிடித்து, வாசகம் சொல்லி, தகப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதும் ஆகாது. நீதிமன்றம் அப்படிப்பட்ட சாசனத்தைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். வயதும் நோயும் இருந்தால் அதே வாரத்தில் வைத்தியரின் ஒரு சான்று எடுத்து வைப்பது பின்னாளைய வாய்களை அடைக்கும். நிறைவேற்றுநர் ஊரில் இருக்கிற, உங்களைவிட இளமையான ஒருவராக இருக்கட்டும். அவர் முடியாவிட்டால் இன்னொருவர் என்றும் எழுதுங்கள். காணியை "நிலாவெளிக் காணி" என்று விடாமல் உறுதி இலக்கம், நில அளவைப் பட இலக்கத்தோடு குறிக்க வேண்டும். "இதில் சொல்லாத மற்ற எல்லாம் இன்னாருக்கு" என்று கடைசியில் ஒரு வரி மறக்கக் கூடாது. பிறகு வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு வழக்கு வராமல் காப்பது அந்த வரி.

கல்யாணம் முடித்தால் அதற்கு முன் எழுதிய சாசனம் தானாக ரத்தாகும். மனைவி இறந்து இரண்டாம் கல்யாணம் செய்தவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மரணசாசனம் எட்டாத இடங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் வயலும் குடியிருப்பும் பெரும்பகுதி உறுதிக் காணி அல்ல. கந்தளாயிலும், அல்லைக் குடியேற்றத்திலும், மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கங்களிலும் பெர்மிட் காணி அல்லது அரச அளிப்புக் காணிதான். இவை 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அதில் விரும்பியவருக்கு எழுதும் சுதந்திரம் கிடையாது. தனக்குப் பிறகு காணியை எடுக்கப் பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். அவர் கணவன் மனைவியாகவோ சட்டம் பட்டியலிட்ட உறவுகளில் ஒருவராகவோ இருக்க வேண்டும். நியமனப் பத்திரம் உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பதிவாக வேண்டும். நியமிக்காமல் இறந்தால் வாழ்க்கைத் துணை காணியை அனுபவிக்கலாம், விற்க முடியாது. அதற்குப் பிறகு பட்டியல் வரிசைப்படி போகும். அந்த வரிசை நெடுங்காலம் மகளைவிட மகனை முன்னே வைத்தது. 2022 திருத்தம்தான் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. கல்யாணத்தில் மகளுக்கு வீடு கொடுக்கிற கிழக்கு மண்ணில், குளக்கட்டுக்குக் கீழே இருந்த வயல் மட்டும் சட்டத்தால் மூத்த மகனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது விசித்திரம்தான். பெர்மிட் வைத்திருப்பவர் மரணசாசனத்தை நம்பி இருக்காமல் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய் நியமனம் பதிவாகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதிக்கும் வங்கிக் கணக்குக்கும் நியமனதாரர் படிவம் தனியாக உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளில் தாயின் பெயரைப் போட்டுவிட்டு, தாய் இறந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் மாற்றாமல் இருப்பவர்கள் ஏராளம்.

சம்பூரை நினைத்தால் இன்னொன்றும் விளங்கும். 2006 இல் இடம்பெயர்ந்த மக்கள் 2015 இலிருந்துதான் தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் முதியவர்கள் இறந்தார்கள். உறுதி தாத்தாவின் பெயரில், தாத்தா இல்லை, தகப்பனும் இல்லை, பேரன் எல்லைக்கல்லைத் தேடுகிறான். இதற்கிடையில் 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவர் பத்து வருடம் தடையின்றித் தன்னுடையதாகவே ஆண்டுவந்தால் காணி அவருக்குச் சொந்தமாகிவிடலாம். போரால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு 2016 இல் ஒரு சிறப்புச் சட்டம் கொஞ்சக் காலம் சலுகை தந்தது; அந்தக் காலம் முடிந்துவிட்டது. காணாமல் போனவரின் குடும்பத்துக்கோ இறப்புச் சான்றிதழே இல்லை. 2016 திருத்தத்தின் பிறகு அவர்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற்று, கொஞ்சமாவது அவர் சொத்தைப் பராமரிக்கலாம். தாத்தா எழுதியிருந்தால் காணாமல் போனவர் திரும்பியிருக்க மாட்டார்தான். ஆனால் எந்தத் துண்டு எந்தப் பேரனுக்கு என்றாவது தெரிந்திருக்கும்.

எழுதியதை எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. காணி உறுதியைப் போல மரணசாசனத்தை உயிரோடிருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே தேடிக் கண்டுபிடிக்க ஒரு பொது இடமும் இல்லை. எழுதியவர் கைவசம் இருந்த மூலப்பிரதி இறப்புக்குப் பிறகு கிடைக்காவிட்டால், அவரே கிழித்து ரத்துச் செய்துவிட்டார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். கறையான் தின்றதா, வெள்ளத்தில் போனதா என்று நிரூபிப்பது பிள்ளைகளின் பாடு. வங்கிப் பெட்டகம் இருந்தால் அங்கே வைக்கலாம். இல்லாவிட்டால் நிறைவேற்றுநரிடம் கொடுக்கலாம். நொத்தாரிசின் கோவையில் ஒரு பிரதி இருக்கும். பிஸ்கட் தகரத்துக்குள் வைக்க வேண்டியது ஒரு துண்டுக் கடதாசி: எந்த நொத்தாரிசு, எந்தத் திகதி, சாசன இலக்கம் என்ன, மூலப்பிரதி யாரிடம். அதைப் பொலித்தீனில் சுற்றி, எல்லா உறுதிக்கும் மேலே.